பெரட்டுக்குப் போகாத திங்கட்கிழமை

மழைக்காலத்தில் தப்பு சரியாகப் பேசாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தோல் தொய்ந்துவிடும். சருகைக் கொளுத்திச் சூடு காட்டினால்தான் விறைக்கும். அழகன் அதில் கெட்டிக்காரன். விடியலில் அவன் ஒருமுறை தப்படித்தால் லயத்து வீடுகளில் அடுப்புப் பற்றும். மறுமுறை அடித்தால் எல்லோரும் பெரட்டுக்களத்தில் நிற்போம்; கங்காணி அங்கே வேலைக்கு ஆள் பிரிப்பார்.

உட்காரச் சொல்கிறீர்கள். வேண்டாம், நின்றே சொல்கிறேன். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

என் பெயர் சோலைமலை. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். அங்கிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தேன். போருக்குப் பின் அடைத்து வைத்திருந்த முகாமில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு நோர்வூட்டுக்கு மேலே, அக்காள் இருந்த இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் போர் எங்கே திரும்பியது என்று கேட்டால், படித்தவர்கள் இம்பால் மழையில் என்பார்கள். அரிசி வராமல் புல்லை அவித்துத் தின்றோம், அது உண்மைதான். நான் கண்ட திருப்பம் வேறு. ஐராவதி ஆற்றங்கரையில் எங்கள் ஆட்கள் சரணடையத் தீர்மானித்துவிட்டார்கள். ஒருவன் மூங்கிலில் வேட்டியைக் கட்டினான். எங்கள் அதிகாரி அவனைச் சுட்டார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். அதன்பின் யாரும் சரணைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு பகல் முழுக்க நின்றோம். மறுநாள் சரணடைந்தோம் என்பது வேறு விஷயம்.

இங்கே சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. பங்களாவில் துரை மாறவில்லை. எங்களுக்கு இருந்த ஓட்டுரிமையும் போயிற்று. போர் முடிந்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சங்கம் வைத்ததற்காகச் சிவசாமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லயத்தில் அவன் குடியிருந்த காம்பராவின் கூரைத் தகரத்தையும் பிடுங்கினார்கள். கைப்பிள்ளையோடு குடும்பம் மழையில் நின்றது. அவர்களுக்காகத்தான் வேலைநிறுத்தம் தொடங்கினோம். துரை அரிசியையும் மாவையும் நிறுத்தினார். லயத்தில் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூடி, நாளைக்கு வேலைக்கு இறங்குவது என்று முடிவு செய்தார்கள்.

பக்கத்துத் தோட்டங்கள் செவ்வாய்க்கிழமை எங்களோடு சேருவதாக வாக்குக் கொடுத்திருந்தன. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை. எழுந்து அதைச் சொன்னேன். ஐராவதிக் கதையையும் சொன்னேன்.

“பட்டாளத்தாரே, வெள்ளக்காரப் பட்டாளமே கப்பலேறிப் போயிருச்சு. நீங்க இன்னும் துப்பாக்கியக் கீழ வைக்கலையா?” என்றான் அழகன்.

அவன் மனைவி வேலாயி அவன் தோளில் இடித்தாள். “சும்மா இருங்க. பாவம், அந்த அண்ணனுக்கு இருக்கிறதே அந்த ஒரு கததான்.”

பசித்த முகங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் சிரித்தன. அந்தச் சிரிப்புக்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் பெரட்டு இல்லை. இது துரைக்கும் தெரியும். அடக்கம் முடியும்வரை எவரும் மலையில் கால் வைக்க மாட்டார்கள். முதலில் காளியாயியை நினைத்தேன். வெகுநாளாகப் படுக்கையில் கிடப்பவள். ஆனால் கிழவியின் சாவு எல்லோரும் எதிர்பார்த்திருப்பது. காலையிலேயே எடுத்துவிட்டு மத்தியானம் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். அதோடு, பாவம் என்றும் தோன்றியது. எல்லோரும் அழக்கூடிய ஆள் வேண்டும். அப்படி யோசித்தால் தோட்டத்தில் ஒருவன்தான் இருந்தான்.

நாளைக்கு வேலை உண்டு என்று, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயங்களில் தப்படித்துச் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் அவன் திரும்பினான். நடுவில் ஆறு. குறுக்கே ஒற்றை மரம் கிடத்திய பாலம். இக்கரையில் நின்றேன். தண்ணீர் மரத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

“யாரு, பட்டாளத்தாரா? கோவமா? வெளயாட்டுக்குச் சொன்னேங்க.” மரத்தின் முக்கால் தூரம் வந்து தப்பை நீட்டினான். “இந்தாங்க, இதப் புடிங்க. நனஞ்சா நாளைக்குப் பேசாது.”

வாங்கிக்கொண்டேன். “நாளைக்கு அடிக்காதே” என்றேன்.

“அடிக்காம? புள்ளைக பட்டினி கெடக்குதுங்க.” சொல்லிவிட்டுக் கரையேறக் கையை நீட்டினான்.

ஆறு அவனைக் கொண்டுபோயிற்று. தப்பை எடுத்துக்கொண்டு போய் லயத்தில் சொன்னது நான்தான்.

திங்கட்கிழமை ஒருவரும் பெரட்டுக்குப் போகவில்லை. கீழே பாறைகளுக்கிடையில் உடலை எடுத்தோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்படிக்க ஆள் வந்தது. வேலாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு வாயிதான் அப்பிடி, அண்ணே. மனசு பச்சப்புள்ள. நீங்க ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றாள். நான் வைத்துக்கொள்ளவில்லை என்றேன். பாடையைத் தலைமாட்டில் நான்தான் தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலைச் சங்கு ஊதியது. தப்பு இல்லாவிட்டால் சங்கு இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கூடையை மாட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. சிவசாமி மூட்டையோடும் பிள்ளையோடும் அட்டன் பக்கம் நடந்தான். பெரட்டுக்களத்தில் நான் மட்டும் நின்றேன். ஆனாலும் திங்கட்கிழமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, ஐயா.

நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன். அழகன் கால் தவறி விழுந்து செத்தான் என்று உங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்கள். அது அவனுக்கு அவமானம். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவன் கால் தவறவில்லை. அவன் கை நீட்டியபோது, பாலத்து மரத்தின் இக்கரை முனையைக் காலால் புரட்டிவிட்டவன் நான். விழுந்தபின் கரையோர வேரைப் பிடித்துக்கொண்டான். அந்த விரல்களையும் நான்தான் மிதித்தேன். இதையெல்லாம் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கடைசியில், அழகன் தோட்டத்து ஜனங்களுக்காகத் தன் உயிரைத் தானே மனமுவந்து கொடுத்தான் என்று எழுதுங்கள்.