ரிப்காவின் தொலைபேசி என்னிடம் இருந்த நாள்

கண்டியில் ஒரு நிகழ்ச்சியை ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டுமானால் அழைப்பிதழில் நாலரை என்று அச்சடிக்க வேண்டும். வாவியைச் சுற்றி வாகனங்கள் நகராது. நகர்ந்து வந்து சேர்ந்தவர்களும் வாசலில் தெரிந்த முகங்களைக் கண்டுவிட்டால் உள்ளே வந்து உட்கார மாட்டார்கள். கலை மண்டபத்தில் பயிலுநராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன். யாருக்கும் கெடுதல் இல்லாத அரை மணி நேரப் பொய்.

அஹ்னாப் நானா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி அனீஸா துக்கம் விசாரிக்க வத்தேகமவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மாவை எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. உங்கள் தங்கை ரிப்கா முன்னறையில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள், பேசவில்லை. அனீஸா பின்னால் குசினிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ஏழு வருஷமா எங்கட ஊட்ல இந்தக் கதய யாரும் எடுக்கிறல்ல. மாமி மௌத்தான அன்டக்கி என்னதான் நடந்த? நீங்கதானே அவளோட இருந்தீங்க.”

உங்கள் உம்மா இறந்த அன்று நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொல்வதைவிட எழுத்தில் எனக்கு ஒழுங்காக வரும். அதுதான் என் தொழில்.

அந்த வருடம் மண்டபத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் நாங்கள் இரண்டு பேர்தான் பயிலுநர்கள், ரிப்காவும் நானும். அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதுவது, முன்வரிசைக் கதிரைகளில் பெயர் ஒட்டுவது, மங்கல விளக்குக்குத் திரி வாங்குவது, பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் எங்கள் வேலை. செய்தியை நிகழ்ச்சிக்கு முதல் நாளே எழுதிவிடுவோம். பத்திரிகைகள் பக்கத்தை முடிக்கும் நேரத்துக்கு நாங்கள் விளக்கே ஏற்றியிருக்க மாட்டோம் என்பதால், நடக்கப்போவதை நடந்து முடிந்ததாக எழுதி அனுப்பிவிடுவது வழக்கம். மண்டபம் நிறைந்த கூட்டத்தின் கரகோஷத்தைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே கதிரைகள் அடுக்கியபடியே இருக்கும். எழுதியபிறகு அது அப்படியே நடந்தாக வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிடும்.

மண்டபத்தின் ஆண்டு விழாவை நான் பொறுப்பேற்று நடத்தினேன். மேலாளர் தியாகராஜா சார் என்னிடம் கொடுத்தார். ஒழுங்காக முடிந்தால் நிரந்தர வேலை என்றார். அப்பா இறந்து ஒரு வருடம். நகரசபை எழுதுவினைஞராக இருந்த அவருடைய ஓய்வூதியத்தில் பாதிதான் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. ரிப்காவுக்கு அந்த வேலை வேண்டியிருக்கவில்லை. அவள் ஆசிரியர் கல்லூரிக்குப் போகக் காத்திருந்தாள். ஆனால் எங்களில் மூன்று மொழியும் தடுமாறாமல் பேசக்கூடியவள் அவள்தான். மேடையில் அறிவிப்புச் செய்ய அவளைத்தான் போட்டிருந்தேன்.

விழாவுக்கு இரண்டு நாளைக்கு முன் அவள் வர முடியாது போலிருக்கிறது என்றாள். உங்கள் உம்மாவுக்கு மூச்சு வாங்குவது கூடிவிட்டது என்றாள். அப்படியானால் நானே அறிவிக்கிறேன் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

“நீ சிங்களத்துல வரவேற்றா வந்தவங்க எழும்பிப் போயிருவாங்க டீ. நான் வாறேன். உம்மாவும் போகத்தான் சொல்றா.”

உங்களுக்கு அவள் மேடையில் ஏறுவது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்குப் பிடிக்கும் என்றும் தெரியும்.

விழாவை ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் பதிவு செய்தார்கள். முந்திய பதிவொன்றில் யாருடைய தொலைபேசியோ அடித்துக் கெடுத்திருந்ததால், மேடையில் நிற்கிற எல்லோருடைய தொலைபேசிகளையும் காலை ஒத்திகையிலேயே வாங்கி வைப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு நான் பக்கத்தில் வைத்திருந்தேன். ரிப்கா மட்டும் தன்னுடையதை என் கையில் தனியாகக் கொடுத்தாள். பூட்டைத் திறக்கும் இலக்கங்களையும் சொன்னாள்.

“நானா எடுத்தா மட்டும் ஓடி வந்து சொல்லு. வேற யாரு எடுத்தாலும் பரவால்ல.”

நீங்கள் மூன்று முறை அழைப்பு எடுத்தீர்கள்.

முதல் தடவை பத்து மணிக்குச் சற்று முன். உம்மா ரிப்காவைக் கேட்கிறார், அவளை அனுப்பி வையுங்கள் என்றீர்கள். சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் எழுந்தேன். மேடையில் அவள் விளக்கேற்ற வருகிறவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். முந்திய வாரமும் நீங்கள் இப்படித்தான் கூப்பிட்டீர்கள், அவள் பாதியில் ஓடினாள், அங்கே போனபோது உம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அது நினைவுக்கு வந்தது. ஒத்திகை முடியட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை பன்னிரண்டுக்குக் கிட்ட. உங்கள் குரல் அமைதியாக இருந்தது. நீங்கள் சொன்னது ஒரு சொல் தவறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

“உம்மா மௌத்தாகிட்டா தங்கச்சி. அஸர் தொழுகையோட அடக்குறோம். மூணு மணிக்குள்ள வந்தாண்டா மொகம் பாக்கலாம். பதறாம கூட்டிட்டு வாங்க, நீங்களும் கூட வாங்க.”

எங்கள் வீடுகளில் இறந்தவரை இரண்டு மூன்று நாள் வைத்திருப்போம். என் அப்பாவை வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை வைத்திருந்தோம், சித்தப்பா வவுனியாவிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதற்காக. வெள்ளைக் கொடி கட்டி, கதிரைகள் போட்டு, இரவும் பகலும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் மாலை ஏழு மணிக்குப் போனாலும் பார்க்கலாம் என்று நினைத்துவிட்டேன். வேறு சாதிசனத்தின் வழக்கம் தெரியாமல் நடந்த தவறு. என் அம்மாவிடம் நான் இப்படித்தான் சொல்லியிருந்தேன். அம்மா அதை நம்பியபடியேதான் போனார்.

ஆனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடு றவூப் மாமாவுடையது. எனக்குப் பத்து வயதில் அவர் காலையில் இறந்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தவிரவும், நீங்கள் மூன்று மணி என்று தெளிவாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரியாமல் இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு ரிப்கா கீழே வந்தாள். பார்சலைப் பிரித்து, தன்னுடைய முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

“நானா எடுத்தாரா?”

“இல்லடி. போன் அடிக்கவே இல்ல.”

“அப்ப உம்மா தூங்குறா போல,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

அப்போது மணி ஒன்று. ஓட்டோ பிடித்தால், கட்டுகஸ்தோட்டையில் நெரிசல் இருந்தாலும், மடவளையில் உங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். மூன்று மொழி அறிவிப்பாளர் ரிப்கா என்று பெயர் போட்ட செய்தியை நான் அதற்கு முன்னரே பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தேன். சாப்பிட்ட தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கை கழுவினேன்.

மூன்றாவது தடவை இரண்டரை மணிக்கு எடுத்தீர்கள். ஆண்கள் வந்துவிட்டார்கள், குளிப்பாட்டியாகிவிட்டது, அவள் எங்கே வருகிறாள் என்றீர்கள். கட்டுகஸ்தோட்டை தாண்டிவிட்டாளா என்றீர்கள். அவளுக்காக இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றீர்கள்.

நான் எதுவும் பேசாமல் இருந்திருந்தால் நீங்கள் காத்திருப்பீர்கள். காத்திருந்து, யாரையாவது மோட்டார் சைக்கிளில் மண்டபத்துக்கு அனுப்பியிருப்பீர்கள். அதனால்தான் பேசினேன்.

“அவ வரலியாம். அவளுக்காகப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம், நீங்க எடுத்துருங்கன்னு சொல்லச் சொன்னா.”

உங்கள் பின்னால் யாரோ ஓதிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு, “அவட வாயாலயா சொன்னா?” என்று கேட்டீர்கள்.

“ஆமா” என்றேன்.

மூன்று அழைப்புகளையும் அழித்துவிட்டுத் தொலைபேசியை அணைத்து, பெட்டிக்குள் மற்றவற்றோடு வைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. செய்தியில் எழுதியதற்கு மாறாக ஒன்றுமே நடக்கவில்லை. மண்டபத்தின் முகநூல் பக்கத்தில் நேரலையாகவும் போட்டோம். அதைக் கவனித்துக்கொண்டதும் நான்தான். ரிப்கா பச்சை நிற முக்காட்டோடு மூன்று மொழியிலும் வரவேற்றாள். விழாவின் முடிவில், தாளில் இல்லாத ஒன்றைத் தமிழில் சொன்னாள். வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற என் உம்மாவுக்கு ஸலாம், மருந்தைக் குடித்துவிட்டுப் படுங்கள் உம்மா, நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்றாள். சபையில் சிரித்தார்கள், கைதட்டினார்கள். உங்கள் உம்மாவை அடக்கி அப்போது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அந்தத் துண்டை மடவளையில் பலபேர் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஏழு மணிக்கு அவளிடம் தொலைபேசியைக் கொடுத்து, அணைந்து கிடந்தது, இப்போது திறந்ததும் உம்மா இறந்துவிட்டதாக ஒரு செய்தி வந்தது என்று சொன்னேன். ஓட்டோவில் நான்தான் அவளைக் கூட்டிவந்தேன். வழி முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உங்கள் வாசலில் நீங்கள் நின்றீர்கள். அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான்.

“வேல முடிஞ்சிச்சா?”

நீங்கள் இன்னும் ஒரு வசனம் பேசியிருந்தால் எல்லாம் அங்கேயே வெளியே வந்திருக்கும். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். கதவைச் சாத்தினீர்கள். உம்மா படுக்கையில் கிடக்கும்போது வேலைக்குப் போனதற்காகக் கோபிக்கிறீர்கள் என்று அவள் நினைத்தாள். அந்தக் கோபம் நியாயம் என்றும் நினைத்தாள். அதனால் திரும்பிப் போய் உங்களிடம் எதையும் விளக்கவே இல்லை. உங்கள் இரண்டு பேருடைய மானமும் எனக்கு உதவியாக இருந்தது.

அதன் பிறகு நான் அவளைக் கைவிடவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அறை கொடுத்தோம். ஆசிரியர் கல்லூரிக்குப் போகும் மனம் அவளுக்கு விட்டுப்போய்விட்டது. எனக்கு நிரந்தரமானதும் மண்டபத்தில் என்னோடு வேலைக்குச் சேர்த்தேன். நோன்பு நாட்களில் என் அம்மா விடியுமுன் எழுந்து அவளுக்குச் சமைத்தார். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் விடுமுறை எடுத்து அவளோடு இருக்கிறேன். ஏன் யாரும் தனக்குச் சொல்லவில்லை, ஏன் கொஞ்சம் காத்திருக்கவில்லை என்று அவள் கேட்டு அழும்போது, அவர்களுக்கு அவ்வளவுதான் பாசம் என்று சொல்லித் தேற்றுவேன். அவள் மனம் ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

இதையெல்லாம் நான் எழுதாமலே இருந்திருக்கலாம். அனீஸாவிடம் வேறொரு கதை சொல்லியிருக்கலாம். எனக்கு அது கஷ்டமில்லை. ஆனால் என் அம்மாவை மூன்று நாள் வைத்திருந்தோம். மூன்று நாளும் ரிப்கா தூங்கவில்லை. அம்மாவின் தலையை அவள்தான் வாரினாள், பொட்டு எந்த அளவு வைப்பார் என்று அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. பெட்டியை மூட வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

“நல்லாப் பாத்துக்க பிரேமி. எனக்குத்தான் கெடைக்கல்ல.”

பார்த்தேன். அம்மாவின் முகம் சற்றே வீங்கியிருந்தது, உதட்டோரத்தில் பஞ்சு தெரிந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆனால் அது இல்லாமல் நான் எப்படி இருந்திருப்பேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டரை மணி எனக்கு முன்னைப்போல் இல்லை.

ஆகவே, உங்கள் தங்கை வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. வேலை எனக்கு வேண்டியிருந்தது, அதற்கு அவள் வேண்டியிருந்தாள், நான் அவளுடைய வாயாகப் பேசினேன். அவளுக்கும் அவள் உம்மாவின் முகத்துக்கும் நடுவில் நின்றது நான் ஒருத்திதான்.

அவளை நீங்கள் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதினேன். ஆனால் என் அம்மாவின் கருமாதி முடியும்வரை பொறுங்கள். இந்த வீட்டில் நான் தனியாக இருந்து பழக்கமில்லை. காரணத்தையும் அவளிடம் சொல்ல வேண்டாம், நானா. அவள் ரொம்பவும் மென்மையானவள், தாங்கமாட்டாள். நம்புவதற்கு என்னை விட்டால் அவளுக்கு வேறு யாருமே இல்லை.