நடுப் படலம்

கட்டுப் போடுவதில் என் கைக்கு நல்ல பேர் உண்டு. நான் பிளாஸ்திரியைப் பிரித்தால் குழந்தைகள்கூட அழாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், சார்.

டிரைவர் அண்ணன் என்னிடம் நாலு வருஷம் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய், வலது குதிகாலில் பாட்டில் மூடி அளவுக்கு ஒரு புண். செவ்வாய்தோறும் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவேன். செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சரி சரி என்பார். அடுத்த வாரம் கட்டுத் துணியில் மண் ஒட்டியிருக்கும். அப்படியும் புண்ணைப் பெரிதாக விடாமல் பிடித்து நிறுத்தியது யார்? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிறகு புது டாக்டர் வந்தார். என் மகன் வயசு. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, மிஷினில் சுற்றவிட்டு, அதிலிருந்து புண்ணுக்கு மருந்து எடுக்கிற வைத்தியம். சுற்றி முடித்தால் குழாயில் மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் சிவப்பு, நடுவில் நகக் கனத்துக்கு வெளிறிய ஒரு படலம். சரக்கு அந்தப் படலத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை உறிஞ்சி எடுக்க நிதானமான கை வேண்டும். என் கைதான் எடுத்தது. மூன்றே வாரத்தில் புண் பாதியானது.

அன்றைக்கு அண்ணன் காலைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இந்த டாக்டர் முன்னாடியே வந்திருந்தா நாலு வருஷம் வீணாப் போயிருக்காது, இல்ல தங்கச்சி?"

டாக்டரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலைக் கழுவி வைத்தேன்.

நாலாவது வாரத்திலிருந்து மேல் தண்ணீரை மட்டும் எடுத்தேன். படலத்தைக் குழாயோடு கூடையில் போட்டேன். ஒரு வாரம் புண் கொஞ்சம் முரண்டு பிடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். விஷம் எதுவும் வைக்கவில்லை. பழைய மருந்தை டாக்டரே நிறுத்தியிருந்தார். அதற்கு நான் என்ன செய்ய?

புண் கறுத்தது. டாக்டர் சர்க்கரையைக் குறை சொன்னார். அண்ணி அண்ணனுடைய சாப்பாட்டைப் பாதியாக்கினார். நாலு வருஷம் நான் கெஞ்சியும் போடாத செருப்பை அண்ணன் அப்போதுதான் ஒழுங்காகப் போட ஆரம்பித்தார்.

"என் ரத்தத்துலயே சத்து இல்ல போலிருக்கு தங்கச்சி" என்றார் ஒருநாள். நான் கட்டின் முனையை ஒட்டி முடித்தேன். அந்த மாதமே காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெட்டிய இடமும் ஆறவில்லை. அதற்கும் அதே மிஷின், அதே கை. போன வாரம் டாக்டர் கூடையில் கிடந்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படலம் அப்படியே இருந்தது.

எத்தனை வாரம் என்று கேட்டீர்கள். பதினொன்று. எல்லாம் நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, சார். வேறு யார் தொட்டாலும் அண்ணனுக்கு வலிக்கும். கட்டு மட்டும் போட்டுவிட்டு வந்துவிடட்டுமா?