கம்பளிக்கு வைக்கும் சூடு

ஓட்ஸ் எனக்குப் பிடிக்காது, மேடம். என் கணவருக்கும் பிடிக்காது. எங்கள் சமையலறை அலமாரியில் வரிசையாக ஓட்ஸ் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, ஏதோ நோயாளிக் குடும்பம் என்று உங்கள் ஆட்கள் நினைத்திருக்கக்கூடும். அப்படி இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. அவருக்குப் போன வாரம் வரை கிடையாது.

ஓட்ஸ் வாங்க ஆரம்பித்தது தங்கத்துக்காக. தங்கம் என்றால் நகை இல்லை, சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பூஞ்சை கிடையாது. செடியும் இல்லை, மிருகமும் இல்லை. மஞ்சளாக, ஈரமாக, தட்டின் மேல் நரம்பு நரம்பாகப் படரும். கண், மூக்கு, மூளை எதுவும் கிடையாது. ஆனால் ஓர் ஓட்ஸ் பருக்கையை எந்த மூலையில் வைத்தாலும் தேடிக்கொண்டு நேராக அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

நான் வேலை பார்க்கும் சலவை நிலையத்தில் பில் போடும் அக்கா இதை வளர்க்கிறாள். இவளைப் போன்றவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழுவே இருக்கிறது. முன்பின் பார்த்திராதவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுப் பூஞ்சையைப் படம் பிடித்துப் போட்டு, "எங்க பொண்ணு இன்னிக்கு ஸ்பூனைத் தாண்டிட்டா" என்று எழுதுவார்கள். மற்றவர்கள் வாழ்த்துவார்கள். நானும் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்தான். அப்புறம் அக்கா காகிதத்தில் ஒட்டிய பொருக்கு ஒன்றைக் கொடுத்தாள். நகம் அளவுகூட இருக்காது.

"தண்ணி தெளிச்சு இருட்டுல வை. ரெண்டு ஓட்ஸ் போடு. வேற எதுவும் கேக்காது, கோவிச்சுக்கவும் செய்யாது" என்றாள்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தேன். பருக்கையை நோக்கி விரல் நீட்டியிருந்தது. நான் எடுத்து வைத்த ஒன்றைத் தேடி எங்கள் வீட்டில் ஒரு ஜீவன் வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

என் கணவரைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லமாட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார், இவர் பக்கத்து இருக்கையில் இருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை வருஷக்கணக்கில் மிதித்துப் பழகிப்போய், வீட்டில் நான் பேச வாயெடுத்தாலே சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவர் கால் தரையை அழுத்தும். அது அவருக்கே தெரியாது. நானும் சொல்லிக்காட்டியதில்லை.

தங்கத்தை முதன்முதலில் பார்த்தபோது, "மூக்கச் சிந்தி வச்ச மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். சண்டை வந்தது சாப்பாட்டு டப்பாவால். தங்கம் வளர வளர எனக்குப் பாத்திரம் போதவில்லை. ஒரு பகுதியைப் பிரித்து, அவர் சாப்பாடு எடுத்துப்போகிற எவர்சில்வர் டப்பாவின் ஜோடியில் வைத்திருந்தேன். அவசரத்தில் அவர் அதை எடுத்துப் போய்விட்டார். மதியம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மடியில் வைத்துத் திறந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கார் கற்க வந்த பெண், கதவைத் திறந்து இறங்கிப் போனவள்தான், அப்புறம் அந்த டிரைவிங் பள்ளிப் பக்கமே வரவில்லையாம்.

"சாப்பாட்டு டப்பாவுல போய் ஏன் இதை வளக்கற?" என்று கேட்டார்.

"அதுலதாங்க மூடி கெட்டியா இருக்கு" என்றேன்.

அவர் கால் தரையை அழுத்தியது.

வீடு ஈரமாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஜன்னலை மூடினேன், திரை போட்டேன், ஈரத்துண்டுகளை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டேன். கூடத்து விளக்கைக் கழற்றியதும் நான்தான். தங்கம் ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது, அங்கிருந்து செருப்பு அலமாரிக்கு வந்தது, அவருடைய இடது ஷூவுக்குள் குடியேறியது. அவர் இருமத் தொடங்கினார். நான் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். தங்கத்தை வெளியே எடுக்கவில்லை, ஏனென்றால் ஷூ அதற்கு நன்றாக ஒத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. தட்டுகள், டப்பாக்கள், ஷூ எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் வரிசையாக வைத்திருக்கிறார். தங்கம் கருத்துச் சுருங்கி, வாணலியில் ஒட்டிய அடிப்பொருக்கு மாதிரி ஆகியிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் நின்று, "உன் நல்லதுக்குத்தான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அக்காவுக்கு ஃபோன் செய்து அழுதேன். அவள் சிரித்தாள். "அட, இதுக்கா அழற? அது சாகல, தூங்குது. காலம் சரியில்லன்னா அது இப்படித்தான், காஞ்சு சுருண்டு கிடக்கும். தண்ணி தெளி, எழுந்துக்கும். ஆனா இனிமே வெயில்ல சட்டுனு காயவிடாத, அது ஆபத்து. காயவிடணும்னா நெழல்ல, வெள்ளைத்துணி மேல, பொறுமையா காயவிடணும்."

தெளித்தேன். எழுந்தது. முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே எழுந்தது.

எனக்கு அந்த வழியைக் காட்டியவர் என் கணவர்தான் என்றால் தப்பில்லை. பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெயிலில் போட்ட மறுநாளே அவரை மன்னித்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் அவர் பெட்டி கட்டினார். தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவர் சட்டைகளை மடித்தார். என் நாத்தனார் ஃபோனில் என்னிடம் பிரியமாகத்தான் பேசினாள். "உங்க ரெண்டு பேருக்கும் நேரம் சரியில்லம்மா. கொஞ்ச நாள் போகட்டும். நல்ல நேரம் வந்தா எல்லாம் தானா சரியாகும்."

யோசித்துப் பார்த்தேன். எல்லோரும் நேரம் சரியில்லை, நேரம் சரியில்லை என்கிறார்கள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். தங்கம் ஒன்றுதான் அதற்கு உருப்படியாக ஏதாவது செய்கிறது. அவர் அக்கா வீட்டுக்குப் போனால் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். போகாமல், சண்டை போடாமல், கெட்டுப்போகாமல் நல்ல காலம் வரும்வரை என்னிடமே இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கண்மூடித்தனமாக இறங்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் செத்துக் காய்ந்த பல்லி ஒன்று கிடைத்தது. அதை ஈரத்துணியில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். எழவில்லை. நாற்றம்தான் வந்தது. முதலில் சோர்ந்துபோனேன், பிறகு காரணம் புரிந்தது. அந்தப் பல்லி வாழ்நாளில் ஓட்ஸ் சாப்பிட்டிருக்காது.

அன்றிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் ஓட்ஸ்தான். "கிளம்புற வரைக்குமாவது சோறு போடக்கூடாதா?" என்று கேட்டார். இருமலுக்கு நல்லது என்றேன். பாவம், சாப்பிட்டார். முகத்தில் ஒரு மஞ்சள் களை வந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது.

எங்கள் நிலையத்தில் லாட்ஜ்களின் போர்வையும் கம்பளியும் துவைக்கிறோம். அவற்றைத் தொங்கவிட்டு உலர்த்த ஓர் அறை உண்டு. கூரையிலிருந்து சூடான காற்று இறங்கும். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அந்த அறை என் பொறுப்பு. விடுமுறைக்காக நிலையத்தை மூடிய மதியம் அவரைக் கூப்பிட்டேன். ஒரு கம்பளிக் கட்டு தூக்க வேண்டும், ஒரு கை பிடியுங்கள் என்றேன். வந்தார். நான் என்ன சொன்னாலும் தட்டாத மனிதராகத்தான் ஒரு காலத்தில் இருந்தார்.

உள்ளே தரையில் புதிதாகத் துவைத்த வெள்ளை விரிப்புகளை நான்கு மடிப்பாகப் போட்டிருந்தேன். அவர் உள்ளே போனதும் தாழிட்டேன். சூட்டை அதிகம் வைக்கவில்லை. பருத்திக்கு ஒரு சூடு உண்டு, ஜமக்காளத்துக்கு ஒரு சூடு உண்டு. நான் கம்பளிக்கு வைப்பதைத்தான் வைத்தேன். அவசரப்பட்டால் கம்பளி சுருங்கிவிடும்.

முதலில் கதவைத் தட்டினார். பிறகு கத்தினார். காற்று இறங்கும் சத்தத்தில் பாதிதான் கேட்டது. நான் கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் அவர் குரல் இறங்கி, கண்ணாடிக்கு அருகில் வந்து பேசினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு அமைதியாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

"இப்பக் குடுத்தா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க."

"நான் எங்கயும் போகல. அக்கா வீட்டுக்கும் போகல. சத்தியமா."

"தெரியும். அதுக்குத்தானே இது."

"உனக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்வியை அவர் கல்யாணமான புதிதில் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க படுத்துக்கோங்க" என்றேன். "சுருண்டு படுத்தா சுலபமா இருக்குமாம்."

படுத்தார். அவர் கால் தரையை அழுத்துகிறதா என்று பார்த்தேன். அழுத்தவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இஸ்திரி போடும் அண்ணன் மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க வராமல் இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். அவர் கண்ணாடி இல்லாமலே வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "உள்ள என்னம்மா, கம்பளி அசையுது?" என்று கேட்டார். நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. "கம்பளி இல்லண்ணே, என் வீட்டுக்காரர்" என்றேன். என்னைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார். ஈரத்துணி எதுவும் தயாராக இல்லாத நேரத்தில் அப்படித் திறந்தது தவறு. அதை அவரிடமும் சொன்னேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம், மேடம். கூப்பிட்டது நான். தாழிட்டது நான். சூடு வைத்தது நான். அவர் தண்ணீர் கேட்டபோதெல்லாம் தராமல் இருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்துவிட்டதாக வெளியே நிற்கும் காவலர் சொன்னார். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏற்றுகிறார்களாம். ஆக, நான் செய்வதாக இருந்ததைத்தான் டாக்டரும் செய்கிறார், அவரை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. விழித்ததும் என் கணவர் முதலில் என்னைப் பற்றித்தான் பேசினாராம். "அவள உள்ள விடாதீங்க" என்றாராம். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்த புதிதில் தங்கமும் அப்படித்தான், யார் மூடியைத் திறந்தாலும் ஒதுங்கும்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். அந்த பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லையாம், உப்புத் தண்ணீராம். உப்பு பட்டால் செத்துவிடும் என்பது எங்கள் குழுவில் நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும். தயவுசெய்து ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், நன்றாக இருந்த மனிதரை அநியாயமாகக் கொன்றுவிட்டதாக நான் அந்த டாக்டர் மேல் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.