முழுதாக இறங்கி முழுதாக எழச் சொன்னவருக்கு

முழங்கால் மடிய, முதுகு நிமிர, முழுமூச்சோடு பாரம் தூக்க வைத்த மூத்த பயிற்சியாளரே! 'முழுசு மாஸ்டர்' என்று இந்த ஜிம்மே அழைக்கும் எங்கள் அண்ணனே! ஓய்வு பெறும் உங்களை வாழ்த்த வந்திருக்கிறோம். கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்திருக்கிறது.

கண்ணாடிச் சுவர் ஓரம் எங்கள் குழு. கழிவறைக்குப் போகும் வழியில் உங்கள் குழு. எங்கள் பக்கம் பாட்டு அதிரும், தூக்கும் கம்பியில் எடைத் தட்டுகள் குவியும், பாதி இறங்கிப் பாதி எழுந்தே எல்லோரும் தரையில் சாய்வார்கள். எவ்வளவு களைப்போ அவ்வளவு வளர்ச்சி என்று மார்தட்டினோம். நீங்களோ குறைந்த எடையைக் கொடுத்து, தசை நன்றாக இழுபடும் அடிவரை இறக்கி, இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்கத் தெம்பிருக்கும்போதே "போதும், வைங்க" என்பீர்கள். முழுதாக இறங்காமல் பாதியில் நிற்பவரைத் திட்டமாட்டீர்கள்; தொண்டையை மட்டும் செருமுவீர்கள். சோம்பேறிக் குழு என்று சிரித்தோம். தசை வளர்ந்து சட்டை தோளில் இறுகியதென்னவோ உங்கள் குழுவுக்குத்தான்.

எங்களில் ஒருவனின் அக்காவே கட்சி மாறினார். காரணம் கேட்டதற்கு, "உங்கிட்ட வந்தா மறுநாள் மாடிப்படி ஏற முடியலடா தம்பி. அவர்கிட்ட வந்தா மறுநாளும் ஜிம்முக்கு வர முடியுது" என்றார். தம்பி ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை.

கடைசி ரயிலை அனுப்பிவிட்டு விளக்கணைக்கும் நிலைய அதிபரைப் போல, சிதறிய டம்பெல்களை நிதானமாக அடுக்கிவிட்டு விடைபெறுகிறீர்கள். அந்த நிதானத்தின் மீதும் எங்களுக்குப் பொறாமைதான்.

உங்கள் மாலை ஆறு மணிக் குழு இனி யாருக்கு என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கப் பார்த்தது. அவர்களிடமே கேட்டோம். அதே அக்காதான் பதில் சொன்னார்: "யாரும் வேணாம். பாதியில நின்னா அவர் செருமுவாரே, அது எங்க காதுலயே இருக்கு."

ஆளே இல்லாத செருமலிடம் தோற்றுப்போனோம், அண்ணா.

நோயின்றி நீடு வாழுங்கள்! நாற்காலியின் கையைப் பிடிக்காமலே நூறு வயதிலும் எழுந்து நில்லுங்கள்! அடிக்கடி வருவதாகச் சொன்னீர்கள். காலையில் வாருங்கள், மதியம் வாருங்கள், தேநீர் எங்கள் செலவு. மாலை ஆறு மணிக்கு மட்டும் ஒரு மாதம் வராதீர்கள். அவர்கள் எங்கள் பக்கம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கட்டும்.

அன்பும் பொறாமையும் குறையாத,
கண்ணாடிச் சுவர் ஓரத்துப் பயிற்சியாளர்கள்