கரை நகரவில்லை

கோணலாக எதையாவது பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. வங்கியில்கூடச் சாய்ந்து தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் வரிசையில் நிற்பேன். இதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

குப்பைக் கிடங்கில் இடம் தீர்ந்துபோனதும், சுற்றிலும் மண்கரை எழுப்பி, அதன்மேல் சாய்த்து இன்னும் உயரமாகக் கொட்டலாம் என்று முடிவானது. கரையை வரைந்தவன் நான். மூன்றடி அகலத்துக்கு ஓரடி உயரம் என்று சரித்திருக்க வேண்டும். செங்குத்தாக்கினால் இரண்டு வருடக் குப்பைக்கு இடம் கிடைக்கும் என்றேன். பெரிய அதிகாரி எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் இனிக்கிறது.

கரை உச்சியில் ஒரே கோட்டில் முப்பது கம்பிகள் நட்டிருந்தோம். திங்கள்தோறும் கருவி வைத்துப் பார்ப்பேன். எந்தக் கம்பியாவது நான்கு விரற்கடை விலகினால் வேலையை நிறுத்தி, கீழே இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். இது என் பொறுப்பு.

ஒரு திங்களன்று ஏழு கம்பிகள் ஐந்து விரற்கடை வெளியே நின்றன. லாரி இடித்திருக்கும் என்று நினைத்தேன். பிடுங்கிக் கோட்டில் நட்டேன். 'கரை நகரவில்லை' என்று எழுதினேன். அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம் முப்பதும். சுத்தியல் பிடித்துக் கை கொப்பளித்தது. என் மனைவி மருந்து போட்டுவிட்டு, வேலை என்றால் இவரைப்போலச் செய்ய வேண்டும் என்று தன் தம்பிக்குப் புத்தி சொன்னாள்.

அந்தத் தம்பி கரைக்கு அடியில், எடைமேடை அறையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் வேலையில் இருந்தான். கதவைச் சாத்த முடியவில்லை என்றான். தச்சரை அனுப்பி இழைக்கச் சொன்னேன். நான்காம் முறை இழைத்துவிட்டு, கதவில் பிழையில்லை, அறைதான் நடந்துபோகிறது என்றார் அவர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மச்சினன் என்னிடம் வந்தான்.

"மாமா, செவுத்துல விரல் நுழையற அளவுக்கு விரிசல் விட்டிருக்கு. மழை நிக்கிற வரைக்கும் மேல ஆபீஸ்ல உக்காந்துக்கட்டுமா?"

"நீயே எந்திரிச்சுப் போயிட்டா மத்தவங்க என் கரையப் பத்தி என்ன நினைப்பாங்க, மாப்ள? அளந்து பார்த்துட்டுதான் சொல்றேன். ஒரு நூல்கூட நகரல."

நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சுக் கிடையாது. திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

நான்காம் நாள் மதியம் கரை இறங்கியது. அறையைத் தோண்டி எடுக்க இரண்டு நாளானது. என் மனைவி அதன்பிறகு என்னோடு பேசவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல பையன்.

கரை விழும் என்று எனக்குத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சத்தியமாகத் தெரியாது. வழக்கமாக எடைமேடைப் பக்கம் நிறுத்தும் என் ஸ்கூட்டரை ஒரு மாதமாக வெளிவாசலுக்கு அப்பால் நிறுத்தினேன் என்பது உண்மை. அது வெயிலுக்காக. அந்த மாதம் முழுக்க மழை பெய்ததை நான் மறுக்கவில்லை.