சலவைக்கடைக்குப் போட்ட பூட்டு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியிலும் பயத்தை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்று முழங்கையைச் சொறிந்துகொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் தோல் மருத்துவரின் பணிவான வணக்கம்.

சொறிவதைப் பற்றிச் சொன்னதும் எல்லோருக்கும் அரிக்கிறதா? சிரியுங்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

படர்தாமரையை நாம் அறிவோம். களிம்புக்கு அடங்கும், காலப்போக்கில் மறையும். அடங்காத வட்டத்தைக் கண்டதுண்டா? ஆறாத வட்டத்தைக் கண்டதுண்டா? நான் கண்டேன். அந்த வட்டத்தின் தோல் செதிலைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே வேலை பார்க்கும் பெண், செதிலிலிருந்து பூஞ்சை வளர்த்த தட்டைக் காட்டினாள். "டாக்டரம்மா, இது எதோடயும் ஒத்துப்போகல. காத்துல வந்து விழுந்த பூஞ்சையா இருக்கும். கொட்டிடவா?"

"இருக்கட்டும்மா" என்றேன். அடுத்த வீட்டுச் செதிலிலும் அதே பூஞ்சை. அதற்கடுத்த வீட்டிலும் அதே. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். உலகம் இதுவரை பெயர் வைத்த எதுவும் அல்ல அது. பெயரில்லாத ஒன்று நம் தோலில் குடியேறிவிட்டது. எந்த மருந்துக்கு அடங்கும்? தெரியாது. எத்தனை வீட்டில் இருக்கிறது? தெரியாது.

செய்தி கசிந்தது. உடனே என்ன செய்தோம்? தெருமுனைச் சலவைக்கடை அம்மாவின் கழுத்தில் ஒரு வட்டத்தைப் பார்த்தோம், கடையைப் பூட்டினோம். அவர் என்னிடம் வந்து கழுத்தை நீட்டினார். "நல்லா சுரண்டிப் பாருங்கம்மா. என்னாலதான் வந்துச்சுன்னா நானே எங்கயாவது போயிடறேன்."

என்ன ஐயா, முடிவு வந்ததா என்கிறீர்களா? வந்தது. அவருக்கு இருப்பது பழைய படர்தாமரை. பாதி ஆறியும்விட்டது.

அப்படியானால் புதியது யார் வீட்டில்? பக்கத்தில் இருப்பவரை அப்படிப் பார்க்காதீர்கள். நோயாளியின் பெயரை மருத்துவர் மேடையில் சொல்லலாகாது. ஒரு வீட்டைச் சொல்ல மட்டும் எனக்கு உரிமை உண்டு. இதோ, சட்டைக் கையை ஏற்றுகிறேன், பாருங்கள். இதே வட்டம் என் மகள் முதுகிலும் இருக்கிறது. "அம்மா, இது எப்பம்மா போகும்?" என்று தினமும் கேட்கிறாள்.

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கிறது. நகருங்கள், தப்பில்லை. நானும் பயந்துதான் நிற்கிறேன். ஆனால் பயந்து ஒளித்தால் படரும், காட்டினால்தான் மருந்து தேட முடியும். மேடைக்குப் பின்னால் மேசை போட்டிருக்கிறேன், வந்து செதில் கொடுங்கள்.

தலைவர் அவர்களே, அந்த அம்மாவின் கடையைத் திறந்துவிடுங்கள். பூட்டியே தீர வேண்டும் என்றால் அந்தப் பூட்டை என் மருத்துவமனைக்குப் போடுங்கள். அப்புறம் உங்கள் பிள்ளைகளை யாரிடம் காட்டுவீர்கள்?

பயந்தும் எழுந்து போகாத அனைவருக்கும் நன்றி கூறி, கைகொடுக்காமல் கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.