மேல ஒண்ணு, நடுவால ஒண்ணு, அடியில ஒண்ணு

– நாலு வருஷங்க்கா. நாலு வருஷ உழைப்ப பதினோரு நிமிஷ வீடியோல 'செகண்ட்ஸ்'னு சொல்லி முடிச்சுட்டீங்க.

– ரெண்டாந்தரத்த செகண்ட்ஸ்னுதானுங் தம்பி சொல்லோணும். மொதல்ல அந்த ஸ்டூல்ல உக்காருங்க. லைட்ட மறைச்சுட்டு நிக்கறீங்க, பீஸுல கறை இருக்குதா இல்லையான்னே தெரியமாட்டீங்குது.

– நான் யாருன்னு கேக்கவே இல்லீங்களே.

– கேக்கறதுக்கு என்னங் இருக்குது? 'கருமலைக் காவலன்' கேம் பண்ணுன சிவபிரகாஷ். முந்தாநேத்துல இருந்து கமெண்ட்டுல பதினாறு தடவ எழுதிப் போட்டீங்க. நேர்லயே வந்து நிப்பீங்கன்னு நெனைக்கல. யாருங் எடத்தச் சொன்னது?

– ஒரு வீடியோல 'எங்க ஊரு மண்ணரைல'ன்னு சொன்னீங்க. காலைல இருந்து நாலு கம்பெனி ஏறி எறங்கிட்டேன். 'கேம் ஆடற சுப்பாத்தாக்கா'ன்னு கேட்டதும் டீக்கடைக்காரர் சிரிச்சுட்டே கையக் காட்டுனார். ஆனா, ஆக்சுவலா நீங்க நெசமாவே பனியன் கம்பெனில செக்கிங் பாப்பீங்கன்னு நான் நெனைக்கலைங்க்கா.

– சேனல் பேரே 'செக்கிங் டேபிள்'. பின்ன எங்கெ நிப்பேன்?

– ஏக்கா, யாரு இவரு? சரக்கு வாங்குற பையர் ஆபீஸ்ல இருந்து வந்துட்டாகளா? சொல்லாம கொள்ளாம வாராக?

– பையருமில்ல ஒண்ணுமில்ல சோணைமுத்து. கேம் பண்ற தம்பி. நான் நல்லால்லைன்னு சொல்லிப்போட்டேன்னு சண்டைக்கு வந்திருக்குது.

– சண்டையா! சார், நான் இங்கன சூப்பர்வைசர். ஆறு வருசமா இந்தக்கா கழிச்சுப் போட்ட பீஸுக்கெல்லாம் நாந்தேன் மேல பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். நானே ஒரு நாளும் ஜெயிச்சதில்ல. டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.

– நீ போயி அந்தக் காலர் லாட்டப் பாரு போ.

– போறேன். டீ டைம் கால்மணி நேரந்தேன். மூணு மணிக்கு லாரி வந்துரும், பாத்துக்கங்க.

– நீங்க சொல்லுங் தம்பி. என்ன கொறை?

– தப்பா நெனைக்காதீங்க்கா. ஒரு கேம் எப்படி உருவாகுதுன்னு உங்களுக்கு...

– தெரியாதுங். என்ற பையன் ரித்தீஷு மெட்ராசுக்குப் படிக்கப் போகையில அந்தக் கேம் ஆடற பொட்டிய ஊட்டுல வெச்சுட்டுப் போனான். தூசி தட்டத்தான் எடுத்தேன். ரெண்டு வருசத்துல எம்பத்தி மூணு கேமப் பத்திப் பேசியாச்சு. உருவாக்கத் தெரியாது, ஆடத் தெரியும். இங்கயும் எனக்கு ஒரு பீஸ் தெக்கத் தெரியாது. ஆனா தையல் எங்க விட்டுருக்குதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்.

– வீடியோல நீங்க சொன்ன கேமரா பிரச்சனை எங்களுக்கும் தெரியுங்க்கா. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவோம்.

– லாரி ஏறுன பொறவு ஆல்ட்டர் பண்ணுவீங்களாக்கும். தூணுக்குப் பின்னால போனா கேமரா தூணையே காட்டுது. குதிக்கற பட்டன அமுத்துனா அந்தக் காவலன் சித்த நேரம் யோசன பண்ணிட்டுக் குதிக்கறான். வர்ற எதிரிக்கெல்லாம் அஞ்சே மூஞ்சி. முண்டாசக் கலர் மாத்தி மாத்தி அனுப்பறீங்க. இங்கயும் அப்படித்தான், ஒரே டிசைனு, ஆறு கலரு.

– அதுக்கு 'மோசம்'னே சொல்லியிருக்கலாமுங்க்கா. மோசம்னா அது எவ்வளவு மோசம்னு பாக்கவாவது நாலு பேரு வருவாங்க. 'செகண்ட்ஸ்'னா யாரு திரும்பிப் பாப்பாங்க?

– மோசமில்லயே! அதுதானுங் எனக்கு எரிச்சல். ஓட்டை இருந்தா வீசிட்டு அடுத்த பீஸ எடுத்துருவேன். நெம்ப நல்லா இருந்தா அடுக்குல வெச்சுட்டுப் போயிருவேன். உங்குளுதுல ஓட்டையும் இல்ல, கறையும் இல்ல. ஊட்டுல போட்டுட்டுத் திரியலாம், ஒரு விசேசத்துக்குப் போட்டுட்டுப் போக முடியாது. அந்த மாதிரி பீஸுதான் கண்ணப் புடுங்கும். பாஸும் பண்ண முடியாது, கழிக்கவும் மனசு வராது. ஒரு ஞாயித்துக்கெழம பூராவும் உங்குளுக்குக் குடுத்தேன். கறி எடுத்துட்டு வந்து அப்படியே பிரிட்ஜுல கெடந்துது.

– எனக்கும் எரிச்சல்தானுங்க்கா. நாளைக்குப் பத்து மணிக்கு பெங்களூருக்காரங்க மீட்டிங். கேமை வெளியிட்ட கம்பெனி. அடுத்த கேமும் எங்களுக்கா, இல்லயான்னு நாளைக்குச் சொல்லிருவாங்க. வந்த ரிவ்யூவெல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க. தமிழ்ல வந்தது உங்களுது ஒண்ணுதான். போன் பண்ணி, 'செகண்ட்ஸ்னா என்ன அர்த்தம்'னு எங்கிட்டயே கேக்கறாங்க.

– நீங்க என்னன்னு சொன்னீங்க?

– என்னன்னு சொல்றது? சிக்னல் இல்லைன்னு கட் பண்ணிட்டேன். இல்லைன்னுட்டாங்கன்னா நாங்க நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம். எங்கப்பா சென்னிமலைல தறிய ஓட்டிட்டு, நான் எப்ப வருவேன்னு பாத்துட்டே இருக்கார்.

– அதுக்காக நான் பொய் சொல்ல முடியாதுங் தம்பி. அறுவதாயிரம் பேரு பாக்கறாங்க. நான் பாஸுன்னு சொன்னாத்தான் காசு போட்டு வாங்கறாங்க.

– பொய் வேண்டாம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். பன்னண்டு லெவல் இருக்குதே, எத்தன ஆடுனீங்க?

– மூணு.

– மூணா!

– எல்லா லெவலையும் தெறந்து வெச்சுத்தான் அனுப்பியிருந்தீங்க. மழைக்காடு, தொங்குபாலம், அந்தக் கடைசிக் கோட்டை. மேல ஒண்ணு, நடுவால ஒண்ணு, அடியில ஒண்ணு. அட்டைப்பொட்டியப் பிரிச்சா அப்படித்தான் எடுப்போம். ஐநூறு பீஸையும் ஒருத்தரும் பாக்கறதில்ல.

– மீதி ஒம்பது லெவல்?

– எடுத்த மூணும் ஒரே மாதிரி இருந்தா மீதியும் அப்படித்தானுங். இருவது வருசமா இந்தக் கணக்கு தப்பினதில்ல.

– இது பனியன் இல்லீங்க்கா! அஞ்சாவது லெவல் தண்ணிக்குள்ள நடக்குது. எட்டாவதுல சண்டையே கெடையாது, ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் போகணும். பத்தாவதுல காவலனே மாறிடறான், அவன் தங்கச்சியா ஆடணும். ஒவ்வொண்ணும் வேற வேற ஸ்டைலுங்க்கா. காலர் வெச்ச லாட்டப் பாத்துட்டு, பொம்பளப்புள்ளைங்க லெக்கின்ஸ் லாட்டக் கழிப்பீங்களா?

– இருங். யோசன பண்ண உடுங்.

– ஏக்கா, என்ன, பீஸக் கையில வச்சுக்கிட்டு அப்புடியே நிக்கிறீக? ஒடம்புக்கு முடியலையா?

– சோணைமுத்து, ஒரு ஸ்டைலுல சாம்பிள் எடுத்துட்டு இன்னொரு ஸ்டைலக் கழிச்சா என்னன்னு சொல்லுவோம்?

– என்னத்தச் சொல்றது? அன்னைக்கே சீட்டக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாக. எவன் அப்புடிச் செஞ்சது?

– நாந்தான்.

– ஆத்தாடி!

– தப்பு என்ற பேருலதான் கண்ணு. பன்னண்டு ஸ்டைலு இருக்கையில மூணப் பாத்துட்டு மொத்தத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டேன். வீடியோவ எடுத்தர்றேன்.

– நெசமாவாங்க்கா?

– இந்தா, போனப் பாரு. எடுத்தாச்சு.

– சார், நீங்க பெரிய ஆளு சார். இந்தக்கா ஒட்டுன ஸ்டிக்கரப் பிச்சு நான் பாத்ததே இல்ல. இம்புட்டு வருசத்துல இதுதேன் மொதோ தடவ.

– ரொம்ப நன்றிங்க்கா. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. மூணு நாளா நான் சோறே திங்கல.

– நன்றியெல்லாம் எதுக்கு, தப்புன்னா தப்பு. எடுத்துட்டுக் கம்முனு இருந்தரவும் மாட்டேன். வேற வீடியோ போடோணும். பெங்களூருக்காரங்க எத்தன மணிக்குன்னு சொன்னே?

– காலைல பத்துக்குங்க்கா.

– பொழுதோட ஆறு மணிக்கு ஊட்டுக்குப் போவேன். பன்னண்டையும் முடிக்க ஆவாது. இன்னொரு மூணு ஆடலாம். அதப் பேசி காத்தால எட்டு மணிக்குள்ள போட்டுடறேன். மீதிய ஞாயித்துக்கெழம ஆடிட்டு, லெவல் லெவலா சொல்றேன். போதுமா கண்ணு?

– போதுங்க்கா. அது... தாராளமாப் போதும்.

– செரி, இந்தத் தடவ மேல நடு அடியெல்லாம் வேண்டாம். நீயே சொல்லு. பன்னண்டுல நெம்ப நல்லா வந்த மூணு எது? அதத்தான் ஆடப் போறேன்.

– எல்லாமே ஒரு மாதிரி... ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு விசயம் இருக்குதுங்க்கா.

– பட்டும்படாமப் பேசாத கண்ணு. கைல செஞ்சவனுக்குத் தெரியாம இருக்குமா? அந்தத் தண்ணி லெவல எழுதிக்கட்டுமா?

– அது வேண்டாமுங்க்கா. அதுல பாதிலயே நின்னுரும்.

– அந்த ஒளிஞ்சு போறது?

– அதும்... ஆளுங்க செவுத்துக்குள்ள பூந்துடறாங்க. தேதி நெருங்கிருச்சுங்க்கா, அவசரமா முடிச்சோம்.

– அப்ப அந்தத் தங்கச்சிப் புள்ள?

– வேண்டாங்க்கா.

– ஏக்கா, பெல் அடிச்சாச்சு! லாரி வேற வந்துருச்சு!

– வர்றேன் இரு. சொல்லு கண்ணு, பேனாவப் புடிச்சுட்டு நிக்கறனல்ல. ஆராருக்கும் காட்டலாம்னு உன்ற மனசுக்குப் படற மூணு. எதெது?

– மழைக்காடு... தொங்குபாலம்... அப்பறம் அந்தக் கடைசிக் கோட்டை. நீங்க ஆடுன அதே மூணுதானுங்க்கா.